இழுக்கவும் மாட்டேங்குது, ஹீட்டும் ஏறுது

லாரிப் பட்டறைக்கு வரும் புகார்களில் பாதி இந்த ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: “மேட்டுல இழுக்க மாட்டேங்குதுங்கண்ணா, ஹீட்டும் ஏறுது.” நாமக்கல் பக்கம் ஸ்பேனர் பிடித்த எவரும் இதைக் கேட்டிருப்பார்கள். கேட்டதும் இரண்டு கோளாறு என்று எடுத்துக்கொண்டு, இழுவைக்கு டீசல் பம்ப் கடைக்கும் சூட்டுக்கு ரேடியேட்டர் கடைக்கும் வண்டியை அனுப்புவதுதான் வழக்கம். இரண்டு பில் வரும். நடுவே லோடு போய்விடும். அடுத்த வாரம் வண்டி தொப்பூர் மேட்டில் மறுபடியும் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும்.

நான் பார்த்தவரையில் பெரும்பாலும் அது ஒரே கோளாறுதான். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வருகிறது.

பெரிய டீசல் இன்ஜினில் எரியும் டீசலின் சக்தியில், எல்லாம் சரியாக இருந்தால், 40 சதவீதம் போலத்தான் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாப்டுக்குப் போய்ச் சேரும். மீதி சூடு. அதில் ஒரு பங்கு புகையோடு வெளியேறும், இன்னொரு பங்கு இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குள் இறங்கும். 180 குதிரைத்திறன் இன்ஜின் முழு மூச்சில் மேடேறும்போது தண்ணீருக்குள் இறங்கும் சூடு, குளியலறை வாட்டர் ஹீட்டர் முப்பதை ஒன்றாகப் போட்டுவிட்டதற்குச் சமம். அத்தனையையும் ரேடியேட்டர் நிற்காமல் வெளியே தள்ள வேண்டும். இப்போது ஏதோ ஒரு காரணத்தால் அந்த 40 சதவீதம் 33 ஆகக் குறைகிறது என்று வையுங்கள். டிரைவர் என்ன செய்வார்? இன்னும் மிதிப்பார். அதே மேட்டுக்கு அதிக டீசல் எரியும், வேலைக்கு உதவாத பங்கு சூடாக மாறும். ஆனால் வண்டியின் வேகம் குறைந்திருப்பதால் முன்பக்கம் மோதும் காற்றும் குறைவு. ஹீட் மீட்டரின் முள் ஏறாமல் என்ன செய்யும்?

எதிர்ப்பக்கமாகவும் இது நடக்கும். இன்றைய எலெக்ட்ரானிக் இன்ஜின்களில் தண்ணீர்ச் சூடு வரம்பைத் தாண்டினால் கம்ப்யூட்டரே டீசலைக் குறைத்துவிடும். இன்ஜினைக் காப்பாற்றத்தான். டிரைவர் கணக்கில் அது “இழுவை போயிடுச்சு.” ஆகவே எது முதலில் வந்தது என்று கேட்பதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது. இழுவை குறைந்து பிறகு முள் ஏறியதா, முள் ஏறிய பிறகு இழுவை விட்டதா? வண்டியை நன்றாக ஓட்டத் தெரிந்த டிரைவரிடம் கேட்டால் இதற்குச் சரியான பதில் கிடைக்கும். ஓனரிடம் கேட்டால் கிடைக்காது. அவர் வண்டியில் இல்லை.

அடுத்த கேள்வி, எப்போது? டவுனுக்குள் டிராபிக்கில் ஏறி, ரோட்டில் ஓடும்போது இறங்கினால் பேன் பக்கம் பாருங்கள். வண்டி நிற்கும்போது ரேடியேட்டருக்குள் காற்றை இழுக்கிற ஒரே ஆள் பேன்தான். சமதளத்தில் லோடோடு ஓடும்போதே மெல்ல மெல்ல ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது தண்ணீர் ஓட்டம் குறைவு. மேட்டில் மட்டும் என்றால் காற்று, இழுவை, தண்ணீர் எல்லாவற்றையும் சந்தேகப்படலாம். காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, இன்ஜின் இன்னும் ஜில்லென்று இருக்கிறது, ஆனால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் விறைத்து நிற்கிறது என்றால் எங்கிருந்தோ காற்றோ எரிந்த வாயுவோ தண்ணீருக்குள் புகுகிறது. “எங்கிருந்தோ” என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

புகை இன்னொரு சாட்சி. இழுவை இல்லை, கூடவே கருப்புப் புகை என்றால் டீசல் போகிறது, அதற்கேற்ற காற்று போகவில்லை. இழுவை இல்லை, புகையும் சுத்தம் என்றால் டீசலே போதவில்லை. இந்த ஒரு பிரிவினை பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். வெள்ளைப் புகை வந்தால் எரியாத டீசலாக இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாம். மூக்கை வைத்தால் தெரியும்: டீசல் கண்ணை எரிக்கும், ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் இனிப்பு வாடை அடிக்கும். நீலப் புகை ஆயில். பிஎஸ்-6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டியில் மட்டும் இந்தச் சாட்சியை நம்பக் கூடாது. புகைக்குழாயில் இருக்கும் பில்டர் கரியையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்வதால், உள்ளே என்ன கூத்து நடந்தாலும் வெளியே சுத்தமாகத்தான் தெரியும்.

காற்றுப் பக்கம் முதலில் ஏர் பில்டர். கழற்றித் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அமுக்கும் விசிறி) உள்ள இன்ஜினில் பில்டருக்குப் பின்னால் உறிஞ்சல் தண்ணீர் மட்டக் கணக்கில் 25 அங்குலத்தைத் தொட்டால் பில்டரை மாற்றவேண்டிய நேரம். அதைக் காட்டத்தான் பில்டர் கூட்டில் சிவப்புப் பட்டை காட்டும் சின்ன இண்டிகேட்டர் வைத்திருக்கிறார்கள். பாதி வண்டிகளில் அது உடைந்து, அந்த ஓட்டையில் துணி அடைத்திருக்கும். ஏர் அடித்து ஏர் அடித்து ஓட்டிய பில்டரில் பேப்பர் கிழிந்து, தூசி நேராக டர்போவின் பிளேடைத் தின்பதையும் பார்க்கலாம். பில்டர் விலை எங்கே, டர்போ விலை எங்கே.

டர்போவைத் தாண்டினால் இன்டர்கூலர். டர்போ அமுக்கிய காற்று 150 டிகிரிக்கு மேல் கொதித்து வரும். அதைக் குளிர்வித்தால்தான் ஒரு சிலிண்டருக்குள் நிறைய காற்று அடங்கும். டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் அடிப்பக்கம் கீறியிருந்தால் சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. லோடு ஏறி அழுத்தம் கூடியதும் கீறல் வாய் திறக்கும். “உஸ்” என்று ஒரு சத்தம், கருப்புப் புகை, இழுவை காலி. பட்டறையில் பைப்பின் ஒரு முனையை அடைத்து, ரெகுலேட்டர் வைத்து ஒரு பார் அளவுக்குக் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவினால் எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும். கம்ப்ரஸர் காற்றை முழு அழுத்தத்தில் விட்டுவிட வேண்டாம், ஹோஸ் முகத்தில் வந்து அடிக்கும்.

எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இறக்கத்தில் புகைக்குழாயை அடைத்து வண்டியைப் பிடித்து நிறுத்தும் அந்தத் தகடு, கரி பிடித்துப் பாதி மூடிய நிலையில் சிக்கிக்கொள்ளும். புகை வெளியே போக முடியாத இன்ஜினுக்குப் புதுக் காற்று உள்ளே வராது. இழுவையும் போகும், சூடும் ஏறும், புகையும் கருக்கும். வெளியே நின்று லீவரைக் கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஒரு ரூபாய் செலவில்லை.

டீசல் பக்கம் சொல்ல அவ்வளவு இல்லை. பில்டர், வாட்டர் செபரேட்டர், டேங்கிலிருந்து பம்ப் வரை உறிஞ்சும் பைப்பில் ஏர் இழுப்பு. ரிட்டர்ன் லைனில் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் மாட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும். ஆனால் ஒரு வினோதம் உண்டு. காலையில் நன்றாக இழுக்கும், ஒரு மணி நேரம் ஓடியதும் இழுவை குறையும், டீ குடிக்க நிறுத்தி எடுத்தால் மறுபடி சரியாகும். இப்படிச் சொல்கிற டிரைவரை நம்பாமல் கேலி செய்தவர்கள் உண்டு. டேங்க் மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் விஷயம் முடிந்தது. மூடியின் காற்றுத் துளை மண்ணால் அடைத்திருக்கிறது, டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி டீசலைப் பின்னால் இழுக்கிறது. ஒரு ஊசி போதும்.

இன்ஜினே குற்றவாளி இல்லாத வழக்குகளும் வரும். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஓடி வந்து நின்றதும் ஒரு சக்கரத்தின் டிரம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய வண்டியில் ஆக்சிலேட்டர் ராடு தேய்ந்து, மிதி தரையைத் தொட்டாலும் பம்ப் லீவர் முழுதாகத் திரும்பாமல் இருக்கும். ஒருவர் கேபினில் மிதிக்க, இன்னொருவர் கீழே நின்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் பம்பை இறக்கி, டீசல் அளவைச் சரிபார்க்கும் காலிபரேஷனுக்கு அனுப்புவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

பளுவையும் சொல்லிவிட வேண்டும். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பளு வரம்பை உயர்த்தியபோது மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. காகிதத்தில் எடை கூடியதால் பழைய வண்டியின் ரேடியேட்டர் பெரிதாகிவிடாது. அதற்கும் மேல் ஏற்றிக்கொண்டு “ஹீட் ஆகுது” என்று வந்தால் மெக்கானிக் என்ன செய்வது?

சரி, சூட்டுக்கு வருவோம். ஒரு பத்துச் சக்கர வண்டி நினைவில் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்களிலிருந்து தென்னை நார் ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போய்வருகிற வண்டி. சேலம் தாண்டித் தருமபுரிப் பக்கம் ஏறும்போதே முள் மேலே போகும். கசாரா மலைப்பாதையில் நிறுத்தி நிறுத்தித்தான் ஏறியிருக்கிறார்கள். எங்களிடம் வருவதற்கு முன்பே பெல்ட் மாற்றியாகிவிட்டது, பம்ப் காலிபரேஷன் செய்தாகிவிட்டது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தாகிவிட்டது. கடைசியாகப் பார்த்த இடத்தில் “ஹெட் தூக்கணும்”, அதாவது சிலிண்டர்களின் மேல் மூடியைக் கழற்ற வேண்டும், என்று சொல்லியிருக்கிறார்கள். ஓனர் முகத்தில் அந்தச் செலவு எழுதியிருந்தது.

முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருந்தது. வாட்டர் சர்வீஸில் கழுவிக் கழுவி இன்டர்கூலர் முகம் மின்னியது. “எத்தனை தடவைங்க கழுவறது” என்று டிரைவர் அலுத்துக்கொண்டார். ஆனால் முன்னால் தெரிவது இன்டர்கூலர்தான், ரேடியேட்டர் அதற்குப் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வெளியிலிருந்து கண்ணுக்குப் படாது. பேன் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தேன். இந்தப் பக்கம் அடிக்கும் வெளிச்சம் அந்தப் பக்கம் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான பின்களின் நடுவே சல்லடையாகத் தெரிய வேண்டும். கீழ்ப் பாதியில் வெளிச்சமே போகவில்லை.

இன்டர்கூலர் போல்ட்டுகளைக் கழற்றி முன்னால் சாய்த்தபோது, நாரும் தூசியும் பூச்சி இறகும் சேர்ந்து ரேடியேட்டர் மேல் ஒட்டிய கம்பளி ஒன்று அப்படியே உரிந்து வந்தது. வெறும் நார் என்றால் காற்றிலேயே பறந்திருக்கும். இன்ஜின் பிரீதர் பைப்பிலிருந்து வரும் ஆயில் ஆவி ரேடியேட்டரில் படிந்து பசையாகியிருந்தது, நார் அதில் ஒட்டிக்கொண்டது. முன்பக்கமாகப் பீய்ச்சிய தண்ணீர் அந்தக் கம்பளியை இன்னும் உள்ளே அழுத்தியதுதான் மிச்சம். டிகிரீஸர் தடவி ஊறவைத்து, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி மிதமான அழுத்தத்தில் கழுவினோம். அதிக அழுத்தம் கொடுத்தால் பின்கள் படுத்துவிடும், அது புது அடைப்பு. பிரீதர் பைப்பின் வாயைத் திருப்பிக் கீழே விட்டோம். புது தெர்மோஸ்டாட் மாட்டினோம்.

அந்த வண்டியில் சூடு மட்டுமா போனது? இழுவையும் திரும்பியது. கம்பளி நடுவில் இருந்ததால் ரேடியேட்டர் வழியாக மட்டுமல்ல, இன்டர்கூலர் வழியாகவும் காற்று போகவில்லை. சிலிண்டருக்குள் சுடு காற்று போயிருக்கிறது. சுடு காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. பம்ப் கடைக்காரர் தன் பங்குக்கு டீசல் அளவைக் கூட்டிவைத்திருந்தார், அதைத் திரும்ப இறக்க வேண்டியிருந்தது.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு” என்று கழற்றி எறிவது தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம். குளிர்நாட்டுக்காரன் வைத்த வால்வு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல லாரி இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. 82 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கி ரேடியேட்டருக்கு வழிவிடுகிறது. அப்படித் திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியை அடைக்கிறது. கழற்றி எறிந்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்ப இன்ஜினுக்குள் வரும். சமதளத்தில் முள் கீழேயே கிடப்பதைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். மேட்டில்தான் அதன் விலை தெரியும். சமதளத்தில் குளிர்ந்தே ஓடுவதும் நல்லதில்லை. டீசல் சரியாக எரியாமல் சிலிண்டரின் உள்ளுறையான லைனர் தேயும், ஆயிலில் கசடு சேரும். தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சி, தெர்மாமீட்டரோடு போட்டு, எந்தச் சூட்டில் வாய் திறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ரேடியேட்டர் மூடியையும் அலட்சியமாகப் பார்க்கிறார்கள். ஒரு பார் அழுத்தம் பிடிக்கும் மூடி இருந்தால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போன மூடியில் 100-லேயே கொதித்து வழியும். “தண்ணி குறையுது, லீக் எங்கயும் இல்ல” என்ற புகாரில் முதலில் மூடி. கீழ் ஹோஸையும் பாருங்கள். வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. ஆர்பிஎம் ஏறும்போது ஹோஸ் உள்வாங்கிச் சப்பையாகும், நிறுத்தியதும் பழையபடி ஆகிவிடும். நின்ற வண்டியில் எத்தனை தரம் பார்த்தாலும் கண்ணில் படாது. ஆர்பிஎம்மை ஏற்றிப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். வழியில் கிடைக்கிற போர் தண்ணீரை ஊற்றுவதால் சிலிண்டரைச் சுற்றி உப்புப் படியும். சூடு உலோகத்திலிருந்து தண்ணீருக்கு இறங்க அந்த உப்பு விடாது. இன்னொன்று, பெரிய டீசல் இன்ஜின்களில் பலவற்றில் லைனரின் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீரில் நிற்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் லைனர் அதிரும், அதன் மேல் நுண்ணிய குமிழிகள் உருவாகி உடையும். உடைகிற குமிழி உலோகத்தைக் கொத்தும். வருடக்கணக்கில் கொத்தினால் துளை விழுந்து தண்ணீர் ஆயிலில் இறங்கும். கூலன்டில் இருக்கும் ரசாயனம் லைனர் மேல் ஒரு மெல்லிய படலம் விட்டு இதைத் தடுக்கிறது. கூலன்ட் குளிருக்குத்தான் என்று இன்னமும் சொல்பவர்களுக்கு, இப்படித் துளை விழுந்த லைனரைக் கையில் கொடுத்துத்தான் காட்ட வேண்டும்.

“எங்கிருந்தோ” என்று சொன்னேன் அல்லவா. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். ஆனால் லாரியில் பிரேக்குக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸர் இருக்கிறது. அதன் ஹெட்டையும் பல வண்டிகளில் இன்ஜின் தண்ணீர்தான் குளிர்விக்கிறது. கம்ப்ரஸரின் சின்ன கேஸ்கெட் போனால் பிரேக் காற்று தண்ணீருக்குள் வரும். ரேடியேட்டரில் குமிழி, தண்ணீர் வெளியே தள்ளல், சூடு, எல்லா அடையாளமும் ஹெட் கேஸ்கெட்டைப் போலவே இருக்கும். எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் ஒரு மூத்த மெக்கானிக். ஹெட்டைக் கழற்ற ஸ்பேனரோடு நின்ற எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கம்ப்ரஸருக்குப் போகும் தண்ணீர் லைன் இரண்டையும் பிடுங்கி ஒரே ஹோஸால் இணைத்து இன்ஜினை ஓடவிட்டார். குமிழி நின்றுவிட்டது. ஒன்றும் பேசாமல் பீடி பற்றவைக்கப் போய்விட்டார். புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் கூலர் உள்ள வண்டிகளில் அதுவும் இதேபோல் ஏமாற்றும். அது உள்ளே வெடித்தால் தண்ணீர் வெளியே சொட்டாமலே குறையும், வெள்ளைப் புகையாகப் போய்விடும்.

2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு இழுவைப் புகாருக்குப் புதுக் காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும், டிரைவர்கள் யூரியா என்று சொல்லும் திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா இருக்க வேண்டும், மீதி சுத்திகரித்த தண்ணீர். மலிவாகக் கிடைக்கிறதே என்று எதையோ ஊற்றினால் முதலில் விளக்கு எரியும், பிறகு கம்ப்யூட்டர் இழுவையைப் பிடித்துவைக்கும். இன்ஜினில் ஒன்றும் கெட்டிருக்காது. ரிப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் அளவு தெரிந்துவிடும். கரி பில்டர் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய 550, 600 டிகிரி வேண்டும். டவுனுக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். ஸ்கேனர் இல்லாமல் இந்த வண்டிகளைத் தொட முடியாது என்பது உண்மைதான். ஆனால் “பூஸ்ட் குறைவு”, அதாவது டர்போ அழுத்தம் போதவில்லை, என்று எரர் கோடு வந்தால் உடனே டர்போவை மாற்றுபவர்களைப் பார்க்கிறேன். கீறிய ஹோஸ் இருந்தாலும் கம்ப்யூட்டர் அதே கோடைத்தான் காட்டும்.

ஓட்டுகிற விதத்திலும் கொஞ்சம் இருக்கிறது. மேட்டில் பெரிய கியரிலேயே இழுத்துப் பார்ப்பது டீசல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். ஆர்பிஎம் விழுந்தால் வாட்டர் பம்பும் பேனும் அதோடு விழும், உள்ளே மட்டும் முழு டீசல் எரிந்துகொண்டிருக்கும். ஆர்பிஎம் முள் பச்சைப் பட்டையை விட்டு இறங்கும் முன்பே ஒரு கியர் குறைத்துவிடுவது நல்லது.

மீறிச் சூடாகிவிட்டால், தண்ணீர் உள்ளே இருக்கிறதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். இருந்தால் வண்டியை ஓரம் கட்டி, கியரை எடுத்துவிட்டு, ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே ஓடவிடுங்கள். பம்பும் பேனும் சூட்டை இறக்கும். உடனே அணைத்தால் தண்ணீர் நின்ற இடத்திலேயே கொதிக்கும். ஆனால் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போய்விட்டால் அந்த நொடியே அணைக்க வேண்டும். இங்கே மீட்டர் ஏமாற்றும். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் முள் தானாகக் கீழே வரலாம். உச்சியில் நின்ற முள் மேட்டின் நடுவே காரணமில்லாமல் இறங்கினால் சந்தோஷப்படாமல் சாவியைத் திருப்புங்கள். மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று ஆகும்வரை மூடியைத் தொடாதீர்கள். இன்ஜின் கை வைக்கிற அளவுக்கு ஆறிய பிறகு, ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கிற ஹெட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல்தான். எத்தனை லிட்டர் பிடித்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள். பட்டறையில் நான் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.